சோள மேட்டில் எள் சோறு

சாண எரிவாயு நிலையங்களைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. சாண நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கெட்ட செய்தியும் ஒன்று உண்டு. அது பழகிய அன்றைக்கே நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடுவீர்கள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் நிலையத்து வாசலில் இறங்கியவுடன் மூக்கைச் சுளித்தவள். முதுகுக்குப் பின்னால் என்னை ‘மூக்கு மேடம்’ என்று கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் அதை ஆரம்பித்தார் என்பதும் தெரியும். அவர் இப்போது உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பதால் பெயர் வேண்டாம்.

பயிற்சியில் உங்களுக்கு ஒரு படம் காட்டியிருப்பார்கள். மாடு, சாணம், மூடிய தொட்டி, நீலச் சுடர், சிரிக்கும் விவசாயி. அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. சாணத்தை ஈரமாகக் குழியில் குவித்து வைத்தால் மீத்தேன் தானாகக் கிளம்பி வானத்துக்குப் போய்விடும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெட்டிக்கார வாயு. அதைத் தொட்டிக்குள் பிடித்து எரித்தால் வானத்துக்கும் நல்லது, அடுப்புக்கும் நல்லது. ஆனால் எந்தப் படத்துக்கும் நான்கு ஓரங்கள் உண்டு. அந்த ஓரங்களுக்கு வெளியே என்ன வழிகிறது, என்ன பறக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

பறப்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வாயு எடுத்த பிறகு தொட்டியிலிருந்து வெளியே வரும் ஸ்லரி நல்ல உரம். போடிப் பக்கம் ஒருவர் அதை உச்சி வெயிலில் வயல் முழுக்க விசிறி அடித்துவிட்டார். பக்கத்துத் தோப்பில் அன்றைக்குக் காதுகுத்து. வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கண்ணைக் கசக்கினார்கள். தாய்மாமன் தேம்பித் தேம்பி அழுதார். வீடியோ எடுத்தவர் அதைப் பாசம் என்று நினைத்துக் கிட்டத்தில் போய் எடுத்தார். அது ஸ்லரியிலிருந்து கிளம்பிய அம்மோனியா என்று நான் விளக்கியபோது தாய்மாமனுக்கு என் மேல் கடுங்கோபம். சரி, பாசமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு ஸ்லரியை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இனி வழிவதற்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்ல வந்த கதையே இதுதான்.

ஓடைப்பட்டிக்கு வெளியே ஒரு நிலையம் இருந்தது. சுற்று வட்டாரப் பால் பண்ணைகளின் சாணத்தை வாங்கி வாயு எடுப்பார்கள். அதற்கு முன்பு அந்தச் சாணம் மொத்தமும் ஓடையில்தான் கொட்டப்பட்டது. ஆகையால் அந்த நிலையம் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் சாணத்திலிருந்து மட்டும் வாயு நிதானமாகத்தான் வரும். முதலாளிக்கு நிதானம் பிடிக்கவில்லை. மக்காச்சோளத்தைப் பச்சையாகத் தட்டையோடு வெட்டி, பொடியாக நறுக்கி, டிராக்டர் ஏற்றி அமுக்கி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தார்கள். சைலேஜ் என்று இதற்குப் பெயர். உள்ளே சோளம் ஊறுகாய்போலப் புளித்துக் கிடக்கும். வேண்டும்போது எடுத்துச் சாணத்தோடு தொட்டியில் போட்டால் வாயு துள்ளிக்கொண்டு வரும். மாடு தின்னவேண்டிய சோளத்தைத் தொட்டி தின்றது. அந்தத் தொட்டிக்காகப் போர்வெல் தண்ணீர், யூரியா, டீசல் எல்லாம் செலவானது. இது பற்றி முதலாளியிடம் கேட்டால், சுடரைப் பாருங்கள் எவ்வளவு நீலமாக இருக்கிறது என்பார்.

அந்தச் சோள மேட்டை வேலியோரம் போட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செல்வராணியின் திராட்சைத் தோட்டம். செல்வராணிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பந்தல், கவாத்து, மருந்து, வியாபாரிகளோடு மல்லுக்கட்டு எல்லாம் அவரே பார்ப்பார். அந்த ஐப்பசியில் அவர் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி நாற்றமெடுக்க ஆரம்பித்தது. கவாத்து முடிந்து கொடிகள் துளிர் விடும் நேரம் அது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் வேர் வெந்துவிடும். பாய்ச்சாவிட்டால் துளிர் கருகிவிடும். அவர் கிணற்றடியில் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். அது ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அதிகாரி ஒருவரின் போனில் போய் இறங்கியது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “மேடம், சனிக்கிழமை மத்தியானம் நான் வர்றேன். நீங்க காலையிலயே போய்ப் பார்த்து வையுங்க. உங்க முடிவு என்னவோ, அதுப்படி நிலையத்தை அங்கேயே சீல் வைக்கிறதா வேண்டாமான்னு பார்ப்போம்.”

சனிக்கிழமை லீவு நாளாயிற்றே என்று கேட்டேன். அன்றைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு வேலையும் இருக்கிறது என்றார். என்ன வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலையில் நான் போய் இறங்கும்போது செல்வராணி நிலையத்து வாசலிலேயே தூக்குச் சட்டியோடு நின்றார். மேனேஜரும் இருந்தார். உத்தமபாளையத்துக்காரர், முப்பது வயது, தேய்த்த சட்டை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத ஆள். செல்வராணி எங்கள் இருவருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

“குடிங்க மேடம். தம்பி, நீங்களும் குடிங்க.”

மேனேஜர் வாய்வரை கொண்டுபோய்விட்டார். “என்னக்கா, கருப்பட்டிக் காப்பியா? நீங்களா போட்டீக?”

“இல்ல தம்பி. நீங்க போட்டது. எங்கெணத்துல.”

எனக்கு மூக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. புளித்த மாவும் அழுகிய கொய்யாவும் கலந்த வாடை. மேனேஜர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சோதிக்க வந்தவர் வாசலிலேயே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் பிறகு உள்ளே ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மேனேஜர் என்னை நேராகத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். “ஒரு எடத்துல லீக் கெடையாது மேடம். வேணும்னா மீட்டர் வச்சுப் பாருங்க.”

“மீட்டர் வாயுவத்தான் பாக்கும் தம்பி. கெணத்துக்குள்ள வாயு குதிக்கலையே. சோள மேட்டக் காட்டுங்க.”

மேட்டின் அடியைச் சுற்றி நடந்தேன். புளித்த சோளத்திலிருந்து சாறு வடியும். பார்க்க டீத்தண்ணீர் மாதிரி சாதுவாக இருக்கும். ஆனால் ஒரு வாய்க்காலில் விழுந்தால் தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி, மீனைக் கொன்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். சாக்கடையைவிடக் கொடியது. அதைப் பிடிக்க மேட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி இருக்க வேண்டும்.

“சாறு விழுற குழி எங்கன இருக்கு?”

“அது அடுத்த கட்டத்துல வருது மேடம்.”

“இப்ப அங்கன என்ன இருக்கு?”

“கார்டன்.”

இருந்தது. சின்ன வட்டமாகச் செங்கல் பதித்து, உள்ளே பச்சைப் பசேலென்று குரோட்டன்ஸ் செடிகள், நடுவில் ‘பசுமை காப்போம்’ என்று பலகை. பார்வையாளர்கள் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். செடிகள் அத்தனை பச்சையாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ள வரவில்லை. பிளாஸ்டிக்.

“நெசச் செடி வைக்க வைக்கச் செத்துப் போகுது மேடம்,” என்றார் மேனேஜர் பாவமாக. “மண்ணு சரியில்லையோ என்னமோ.”

மண்ணில் என்ன குற்றம்? சாறு முழுக்க அந்த மூலைக்கு வந்து, அங்கே பிடிக்கக் குழி இல்லாததால் வேலிக்கு அடியில் புகுந்து கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மூடி நாளான மேட்டிலிருந்து இத்தனை சாறு வடியக் கூடாது. மழைத் தண்ணீர் எங்கேயோ உள்ளே இறங்கிச் சோளத்தைக் கழுவிக்கொண்டு வருகிறது. அந்த மாதம் நல்ல மழை இரண்டு தடவை பெய்து ஓய்ந்திருந்தது. மேலே ஏற வேண்டும் என்றேன்.

தாள் பறக்காமல் இருக்கப் பழைய டயர்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதை மிதித்து ஏறினோம். வேலிப் பக்க ஓரத்தில் தாள் சல்லடையாகக் கிடந்தது.

“எலி மேடம்,” என்றார் மேனேஜர்.

“எலி அடியிலேர்ந்து கடிக்கும். இது மேலேர்ந்து குத்துன ஓட்ட.”

“அப்ப தாளு மட்டமான சரக்கு.”

“அந்த ஓரத்துல மட்டுமா மட்டம்?”

குனிந்து பார்த்தேன். ஓட்டைகளின் விளிம்பில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து நாக்கில் வைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், உங்களுக்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. மேனேஜர் பதறிப்போனார். எள். பக்கத்திலேயே காய்ந்த வாழையிலைத் துண்டுகள். எனக்குள் ஏதோ ஓட ஆரம்பித்தது. தெரிந்தும், இன்றைக்கு என்ன கிழமை என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் சனிக்கிழமை என்று சொல்லி முடிக்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் ஏணி சாய்க்கிற சத்தம் கேட்டது.

கிணற்றை ஒட்டிச் செல்வராணியின் மோட்டார் ரூம். அதன் மாடி, சோள மேட்டின் உச்சிக்குக் கைக்கெட்டும் தூரம். முதலில் ஒரு கை வந்தது. கையில் வாழையிலை, இலையில் எள் சோறு. கை சோற்றை எங்கள் காலடித் தாளில் பதமாக வைத்தது. பிறகு தலை வந்தது. எங்களைப் பார்த்தது. எதிர்பார்க்கவில்லைதான், ஆனாலும் கொஞ்சமும் அசரவில்லை.

“மேடம், செத்தத் தள்ளி நில்லுங்க. ஆளு நின்னா காக்கா வராது.”

நாங்கள் தள்ளி நின்றோம். வேறு என்ன செய்வது? செல்வராணி “கா, கா” என்று கூப்பிட்டார். புளியமரத்திலிருந்து ஒரு கூட்டமே இறங்கியது. சோறு தீர்ந்தது. காக்கைகள் போகவில்லை. தாளில் ஒட்டிய எள்ளைக் கொத்தின. கொத்துகிறபோது அடியில் சோள மணி இருக்கிறது என்று என்றைக்கோ கண்டுபிடித்திருக்கின்றன. அதனால் நின்று நிதானமாகக் கொத்தின.

“ஏங்க, உங்க மோட்டார் ரூம் மேலயே வைக்கலாமே?” என்று கேட்டேன்.

“அங்கன சோலார் தட்டு போட்ருக்கு மேடம். காக்கா எச்சம் விழுந்தா மோட்டார் இழுக்க மாட்டேங்குது. இங்கன உசரமா, சுத்தமா, தாளெல்லாம் விரிச்சு வசதியா இருக்கு.”

மேனேஜரின் முகத்தில் அந்த நேரம் தெரிந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. டயர்களைத் தாண்டிக் குதித்துக் குதித்து இறங்கினார். கீழே போய் முதலாளிக்குப் போன் போட்டார். திரும்பி வந்து என் காதில் சொன்னார். “மேடம், ‘வெளியாள் தலையீட்டால் ஏற்பட்ட சேதம்’. இப்படி ஒரு வரி போதும். புகார் கொடுத்தவகளே ஓட்ட போட்டிருக்காக. நாங்க தப்பிச்சோம்.”

அந்த வரியில் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த வேலையில் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கிற வரிகள் பெரும்பாலும் இப்படி உண்மையாகவே இருக்கும்.

நான் வேலியைச் சுற்றிக்கொண்டு செல்வராணியிடம் போனேன். கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் போனில் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஓட்டையையும் மழையையும் சாற்றையும் நான் எடுத்துச் சொன்னேன். அவர் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழரச் சனி நடக்குது மேடம். போர்வெல்லு போச்சு, மோட்டாரு எரிஞ்சுச்சு, எங்க வீட்டுக்காரரு வண்டியிலேர்ந்து விழுந்து காலு முறிஞ்சுச்சு. சின்னமனூர்ல ஜோசியர்தான் சொன்னாக, குச்சனூர் போயிட்டு வந்து வாராவாரம் காக்காக்கு எள் சோறு வையி, எல்லாம் சரியாப் போகும்னு. வச்சேன். கெணறு கலங்குச்சு. சனி இன்னும் போகலன்னு நெனச்சுக் கூட ரெண்டு கை வச்சேன். இன்னும் கருத்துச்சு. இன்னும் வச்சேன்.”

கையில் ஒட்டியிருந்த எள்ளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

“அப்ப நான் வைக்க வைக்கத்தான் கெட்டுச்சா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நீங்க எழுதுறத எழுதுங்க மேடம். பொய் எழுதச் சொல்ல மாட்டேன். ஆனா எம்மேல குத்தம்னு ஆயிப்போச்சுன்னா, இந்தக் கெணத்த எனக்கு யாரு சுத்தம் பண்ணித் தருவாக? அங்கன பாருங்க, துளிரு தலையத் தொங்கப் போட்டுருச்சு. இன்னும் ஒரு வாரம் தாங்காது.”

பந்தலைப் பார்த்தேன். பொய்யில்லை. இளம் துளிர்கள் துவண்டு நுனி பழுப்பேறியிருந்தன.

மத்தியானம் அதிகாரி ஜீப்பில் வந்தார். நெற்றியில் விபூதி, கையில் கறுப்புக் கயிறு, ஜீப்பின் முன் கண்ணாடியோரம் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில் பிரசாதப் பை. வேறு வேலை என்னவென்று அப்போது புரிந்தது. வந்ததும் மேனேஜர் முந்திக்கொண்டார்.

“சார், தாளுல ஓட்ட போட்டது காக்கா. காக்காவக் கூப்பிட்டுச் சோறு வச்சது இவக. மேடமே நேர்ல பாத்தாக.”

அதிகாரி செல்வராணியைப் பார்த்தார். “ஏம்மா, நீங்கதான் வச்சீகளா?”

“ஆமா சார். ஏழரச் சனி.”

“என்ன ராசி?”

“கும்பம் சார்.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “எனக்கும் அதான்.” ஒரு நிமிடம் இருவரும் சொந்தக்காரர்கள்போல நின்றார்கள். மேனேஜரின் சந்தோஷம் லேசாக ஆட்டம் கண்டது. அதிகாரி உடனே மறுபக்கம் சாய்ந்துவிட்டார். “மேடம், பேசாம சீல் வச்சிருவோம். வீடியோ வேற சுத்திக்கிட்டிருக்கு. சனங்க சந்தோஷப்படுவாங்க.”

இங்கேதான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் சுலபமான வழிகள் இரண்டு இருந்தன. செல்வராணி மேல் பழியைப் போட்டால் நிலையம் தப்பிக்கும், கிணறு சாகும். சீல் வைத்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நாளைக் காலையில் பண்ணைகளில் மாடு சாணம் போடாமல் இருக்காது. அது பழையபடி ஓடைக்கு வரும். தொட்டிக்குள் இருக்கிற வாயுவை ஆள் நின்று எரிக்காவிட்டால் அது வானத்துக்குப் போகும். சோள மேடு இருந்த இடத்திலேயே நாதியில்லாமல் அழுகி, சாறு இன்னும் வேகமாகக் கிணற்றுக்குள் இறங்கும். பூட்டைத் தொங்கவிட்டால் கதவுதான் மூடும். சாற்றுக்குக் கதவு தேவையில்லை.

மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படுத்துகிறவர்களுக்கு முன்னால் நான் வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“சார், காக்கா கொத்துனது நெசம். சோறு வச்சதும் நெசம்,” என்றேன். “ஆனா இந்த ஊர்ல காக்காக்குச் சோறு வைக்காத வீடு எது? குச்சனூர் பக்கத்துல நெலையம் போட்டுட்டு, காக்கா வரும்னு எதிர்பார்க்கலைன்னு சொன்னா எப்படி? இன்னிக்குக் காக்கா. நாளைக்கு மயில் வரும், பண்ணி வரும், சூறக்காத்து வரும். தாளு என்னிக்காவது கிழியத்தான் செய்யும். கிழிஞ்சா சாறு விழக் குழி வேணும். குழி இருக்க வேண்டிய எடத்துல கார்டன் இருக்கு.”

“கார்டன் நல்லாத்தான இருக்கு?” என்றார் அதிகாரி.

“ஒரு இலையக் கிள்ளிப் பாருங்க.”

அவர் கிள்ளிப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேகமலையைப் பார்த்தார்.

அங்கேயே நின்று சொல்லி எழுத வைத்தேன். நிலையம் ஓடும், சாணம் வரும். புதுச் சோளம் ஒரு லோடு கூட உள்ளே வரக் கூடாது. ஓட்டைகளை இன்றைக்கே ஒட்ட வேண்டும். கார்டனைத் தோண்டிக் குழி போட வேண்டும். கிணற்றை நிலையத்தின் மோட்டாரால் இறைத்துக் காலி செய்ய வேண்டும், ஊறி வருவது தெளியும் வரை விடாமல் இறைக்க வேண்டும். அதுவரை செல்வராணியின் கொடிகளுக்கு டேங்கர் தண்ணீர் நிலையத்தின் பொறுப்பு. முதல் டேங்கர் நாளை விடிவதற்குள் வந்தாக வேண்டும்.

“எறைக்கிற தண்ணிய எங்க மேடம் விடுறது?” என்று மேனேஜர் அழாத குறையாகக் கேட்டார்.

“தொட்டியில. தம்பி, உங்க சோளத்தோட சத்துல ஒரு நல்ல பங்கு அந்தச் சாறுலதான் இருக்கு. சாணத்தக் கரைக்க நீங்க தண்ணி ஊத்துறதுக்குப் பதிலா அத ஊத்துங்க, வாயு நல்லாவே வரும். இத்தன நாளா உங்க சரக்கத்தான் அடுத்தவக கெணத்துல ஊத்திக்கிட்டு இருந்தீக.”

அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. அடுத்தவர் கிணறு கெட்டது என்று சொன்னபோது வராத வருத்தம், தன் வாயு போயிற்று என்றதும் வந்தது. அன்று சாயங்காலமே அவரே மண்வெட்டி எடுத்துக் கார்டனைக் கொத்தினார் என்று கேள்விப்பட்டேன். செடிகளுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. கழுவி ஆபீஸ் வரவேற்பறையில் வைத்துவிட்டார்களாம்.

டேங்கர் சொன்னபடி விடியற்காலையில் வந்தது. செல்வராணி அதற்கு முன்பே பந்தலுக்கடியில் குழாயோடு நின்றிருக்கிறார். ஓரத்துக் கொடிகள் சில போய்விட்டன. மிச்சம் பிழைத்தது.

சோள விஷயத்தில் மட்டும் முதலாளியோடு எனக்குப் பல நாள் இழுபறி. சாணத்தில் வாயு எடுப்பது, ஏற்கெனவே இருக்கிற ஒரு கேட்டை நன்மையாக்குவது. யூரியா போட்டு, நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி, தொட்டிக்கென்றே சோளம் வளர்ப்பது அப்படி இல்லை. சுடர் நீலமாக இருந்தாலும் அதன் வால் கறுப்பாக இருக்கும். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது என் வாதம் இல்லை. சோளத்துக்குப் பதிலாகத் தொட்டியில் போட, தார் வெட்டிய பிறகு சும்மா கிடக்கும் வாழைமரங்களைச் சின்னமனூர்த் தோட்டங்களில் சும்மாவே எடுத்துப்போகச் சொன்னார்கள். சும்மா என்றதும் அவருக்குப் பூமியின் மேல் அக்கறை வந்துவிட்டது. நல்ல காரியம் எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே விடுங்கள்.

காக்கைகளுக்கும் ஒரு வழி செய்தார்கள். வேலியின் மறு கோடியில், தாள், தட்டு எதுவும் இல்லாத இடத்தில், மேனேஜர் ஒரு சிமெண்டுத் தூண் கட்டி மேலே பலகைக் கல் பதித்துக் கொடுத்தார். செல்வராணி சனிக்கிழமைகளில் அங்கே வைத்தார். கொஞ்ச நாளில் மேனேஜரும் வைக்க ஆரம்பித்தார், அவருக்கு மீன ராசியாம். அந்த வருட அறிக்கையில் அந்தத் தூணின் படத்தைப் போட்டு, கீழே ‘பல்லுயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கை’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அடிக்கவில்லை. அந்த அறிக்கையிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

தை மாதம் கிணற்றுத் தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. தெளிவு, வாடை இல்லை, குடிக்கலாம். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு நானே போனேன். மேனேஜரும் கூட வந்தார். பந்தலில் காய் பிடித்திருந்தது. செல்வராணி எங்களைக் கிணற்றடியில் உட்கார வைத்து, அதே தூக்குச் சட்டியிலிருந்து அதே டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தார்.

பழுப்பு நிறம். அதே பழுப்பு.

எனக்கு அந்தச் சமயம் பார்த்து நல்ல ஜலதோஷம். இத்தனை வருடம் சோறு போட்ட மூக்கு அன்றைக்குக் கைவிட்டுவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

“ரிப்போர்ட்டு நல்லா வந்துருக்குன்னு சொன்னீக?” என்றார் செல்வராணி.

“ஆமா.”

“நீங்கதான் கையெழுத்துப் போட்டீக?”

“ஆமா.”

“அப்பக் குடிங்க.”

தம்பிகளா, தங்கைகளா, எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை டம்ளரில் ஊற்றி என் கையிலேயே கொடுத்தது அவர் ஒருவர்தான். மடியில் காகிதம், கையில் டம்ளர். பயமாகத்தான் இருந்தது. குடித்தேன்.

சுக்குத் தூக்கலாகப் போட்ட கருப்பட்டிக் காப்பி. சூடு தொண்டையில் இறங்கியது.

“கெணத்துத் தண்ணிதான் மேடம்,” என்றார் செல்வராணி. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். “காப்பி மட்டும் இந்தத் தடவ நான் போட்டது தம்பி.”

மேனேஜர் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.